நூல் கட்டிய பாவ்

பதினோராவது நாளும் காகம் வரவில்லை.

தாராவி தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் ஏழு மாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. அதன் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்கு வலப்பக்கத்துக் கைப்பிடிச் சுவரில் வாழையிலையை விரித்து, சோறும் பருப்பும் ஒரு கரண்டி வாழைக்காய்ப் பொரியலும் வைத்திருந்தது. மாசி இன்னும் பிறக்கவில்லை. அதற்குள் வெயில் சுள்ளென்று இறங்கிவிட்டது. சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நின்று பிரேமலதா "கா... கா..." என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். குரலில் தெம்பே இல்லை.

காகங்கள் இல்லாமல் இல்லை. எதிர்க் கட்டடத்து டிஷ் ஆன்டெனாக்களில் ஏழெட்டு உட்கார்ந்து, தலையைச் சாய்த்துச் சாய்த்து இலையைப் பார்த்தன. கீழே கோழிக்கடை வாசலில் இன்னும் பத்துப் பதினைந்து குடலுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. இந்த மொட்டைமாடிக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. வந்ததெல்லாம் புறாக்கள். பம்பாயில் புறாவுக்கா பஞ்சம்? அவை இலையில் கால் வைக்க வரும்போதெல்லாம் பிரேமலதா துண்டை வீசி விரட்டினாள்.

"அம்மா, புறா தின்னா சல்தா நஹி க்யா? ஆகாதா?" என்று கேட்டாள் மகள் கலைச்செல்வி. காலேஜில் முதல் வருஷம் படிக்கிறவள்.

"புறா ஒங்கப்பா இல்லட்டி."

கலைச்செல்வியின் அப்பா சுரேந்திரன், தோல் பை தைக்கும் பட்டறையில் இருபது வருஷம் மெஷினில் உட்கார்ந்தவன், போன வாரம் திங்கட்கிழமை மத்தியானம் அந்த மெஷின் மேலேயே கவிழ்ந்துவிட்டான். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்போதே உயிர் இல்லை. வயது நாற்பத்து மூன்று.

"கீழ வா பிரேமா, நாளைக்குப் பாப்போம்," என்றாள் மாரீஸ்வரி. சுரேந்திரனின் அண்ணன் வெயிலுமுத்துவின் மனைவி; பிரேமலதாவுக்கு ஓரகத்தி. ஐந்தாவது மாடியில் இரண்டு வீட்டுக் கதவும் எதிரெதிர்.

"நீங்க போங்கக்கா. பத்து நிமிசம் பாத்துட்டு வாரேன்."

"பத்து நிமிசம்னு சொல்லித்தான் நேத்துக் கொழாயடியில மயங்கி விழுந்த. டாக்டரு குளுகோஸ் ஏத்தி அனுப்பியும் புத்தி வரலியா? ஒரு வாய் கஞ்சியாவது குடிச்சிட்டு வந்து நில்லு."

"அவுக தின்ன பொறவு தின்னுக்கிடுதேன்."

மூன்றாம் நாளிலிருந்து இதே பேச்சுதான். காலையில் ஒரு கிளாஸ் சாயா, இரண்டு பிஸ்கட், சாயங்காலம் இன்னொரு சாயா. அதைத் தவிர அவள் வாயில் எதுவும் போகவில்லை. கன்னத்து எலும்பு வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டது.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், நிழலில், வெயிலுமுத்து நின்றுகொண்டிருந்தான். ஒரு தடவைகூட அவன் இலைப் பக்கம் வரவில்லை. துக்கத்தில் ஒதுங்கி நிற்கிறான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அவன் ஒதுங்கி நின்றது துக்கத்தினால் மட்டுமல்ல.

பிரேமலதாவின் விரதத்துக்குக் காரணம் அந்தத் திங்கட்கிழமைக் காலை. அடுப்படிக் குழாய்க்கு வாஷர் போய் மூன்று வாரமாயிற்று. மாற்றித் தருகிறேன், மாற்றித் தருகிறேன் என்று சுரேந்திரன் சொல்லிக்கொண்டே இருந்தான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அண்ணனோடு மொட்டைமாடிக்கு ஏறிவிடுவான். அன்றைக்குக் காலையில் குழாய் பிய்த்துக்கொண்டு, வெந்துகொண்டிருந்த சோற்றிலும் அடுப்பிலும் தண்ணீர் அடித்துவிட்டது. அவள் அகப்பையைத் தரையில் வீசினாள்.

"இன்னைக்குச் சோத்து டப்பா கெடையாது. அண்ணனும் தம்பியும் காக்காய்க்கின்னு பாவ் ரொட்டி வாங்கிட்டுப் போவியள்லா, அந்தப் பாவையே நீங்களும் தின்னுக்கிடுங்க."

சுரேந்திரன் செருப்பை மாட்டிக்கொண்டு, வெறுங்கையோடு படியிறங்கிப் போய்விட்டான். லிஃப்ட் வேலை செய்யாத கட்டடம். ஐந்து மாடிப் படியிலும் அவன் செருப்புச் சத்தம் கேட்டது, அவளும் கேட்டுக்கொண்டு நின்றாள். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

மூன்றாம் நாள் இலை அப்படியே கிடந்ததைப் பார்த்துவிட்டு, சுரேந்திரனைப் பெற்ற முப்பிடாதியம்மாள், "எம்மவன் கோவத்துல போயிருக்கான்," என்றாள். மருமகளைக் குத்த வேண்டும் என்று சொன்னதல்ல. பெற்ற வயிறு, பட்டென்று வாயில் வந்துவிட்டது. ஆனால் சொன்னது சொன்னதுதான். பிரேமலதா அதைப் பிடித்துக்கொண்டாள். தன் கையால் வைத்த சோற்றை அவர் தொட மாட்டேன் என்கிறார். அவர் தொடாத சோறு தனக்கும் வேண்டாம்.

வெயிலுமுத்துவுக்குத்தான் காரணம் தெரியும். காகம் வராதது தம்பியின் கோபத்தால் அல்ல. அது அவனுடைய கைவேலை.

அவனுக்கு ஐம்பத்திரண்டு வயது. முன்பு தொண்ணூறடி ரோட்டில் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்கும் ஸ்டூடியோ வைத்திருந்தான். ஆளுக்கொரு மொபைல் வந்ததும் அது படுத்துவிட்டது. இப்போது கல்யாணங்களில் இரண்டாவது கேமராக்காரன். மேடையை முதல் ஆள் எடுப்பான், இவன் பந்தியை எடுப்பான். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மாட்டுங்கா பறவைப் படச் சங்கத்து சார்மாருக்குக் கேமரா முக்காலி தூக்கிக்கொண்டு போவான். தூக்கப் போனவன் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டு, கடைசியில் சார்மாருக்கே சொல்லிக் கொடுக்கிறவனாகிவிட்டான்.

பறக்கிற பறவையைப் பிடிக்க அவனிடம் ஒரு பாடம் இருந்தது. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். காற்றும் முதுகுப் பக்கமிருந்து வீசினால் நல்லது. பறவை எழும்பும்போதும் இறங்கும்போதும் காற்றுக்கு எதிர்முகமாகத்தான் வரும், அப்போது அதன் முகம் நமக்குக் கிடைக்கும். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு இடுப்பிலிருந்து திரும்ப வேண்டும். தூரத்தில் வரும்போதே லென்சுக்குள் பிடித்துக் கூடவே வர வேண்டும்; கிட்டே வந்த பிறகு தேடினால் வானம்தான் கிடைக்கும். ஒரு கண்ணை மூடக்கூடாது. ஷட்டர் நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். கருப்புப் பறவை என்றால் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் இறகெல்லாம் அடுப்புக்கரியாகிவிடும். பறவைக்கு முன்னால் கொஞ்சம் வெற்றிடம் விட வேண்டும். அது போகப்போகிற இடம் அது.

இவ்வளவு தெரிந்தும் காகம் அவனை ஏய்த்தது. கைப் பழக்கத்துக்கு வீட்டுப் பக்கத்துப் பறவைதான் நல்லது என்று போன மழைக்காலம் முடியும்போது மொட்டைமாடியில் பாவ் பிய்த்துப் போட ஆரம்பித்தான். காகம் வரும், கொத்தும், போய்விடும். படத்தில் ஒரு வாலும் கொஞ்சம் சுவரும் இருக்கும்.

"அண்ணே, அது அந்தரத்துல ஒரு நொடி நின்னாப் போதும்லா?" என்று கேட்டது சுரேந்திரன்தான்.

"நின்னாப் போதும். நமக்காவ அது ஏம்ல நிக்கப் போவுது?"

"நிக்க வச்சிருவோம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பட்டறையிலிருந்து தோல் தைக்கிற நைலான் நூல் கொண்டுவந்தான். மெழுகு போட்ட கருப்பு நூல். மெல்லிசு, ஆனால் மாட்டையே கட்டலாம். பாவுக்கு நடுவே ஊசியால் கோத்து முடிச்சுப் போட்டு, மறுமுனையை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டு சுவருக்குக் கீழே பதுங்கினான். காகம் கடற்காற்றுக்கு எதிர்முகமாக இறங்கியது, பாவைக் கவ்வியது, எழும்பியது. ஒரு முழ உயரத்தில் நூல் விறைத்தது. இரண்டு இறக்கையும் முழுசாக விரிந்து, வால் விசிறியாகி, காகம் அந்தரத்தில் நின்று இழுத்தது. வெயிலுமுத்துவின் கேமரா படபடவென்று அடித்தது.

இரண்டு மாதம், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும். அந்தப் பக்கத்துக் காகம் ஒன்று பாக்கியில்லாமல் ஏமாந்தது. கடைசி வாரம் ஒரு காகத்தின் காலில் நூல் சுற்றிக்கொண்டு, அது தலைகீழாகத் தொங்கிக் கத்திவிட்டது. சுரேந்திரன் கொத்து வாங்கிக்கொண்டே பிளேடால் அறுத்துவிட்டான். அன்றைக்கு நாற்பது ஐம்பது காகங்கள் மொட்டைமாடிக்கு மேல் ஒரு மணி நேரம் வட்டம் போட்டுக் கரைந்தன. அதற்குப் பிறகு ஒன்றுகூட இறங்கவில்லை. அண்ணன் தம்பி இரண்டு பேரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேண்டிய படம் கிடைத்தாகிவிட்டது. காகத்தை விட்டுவிட்டுப் பருந்துக்குப் போய்விட்டார்கள்.

அந்தப் படத்தில் நூலைக் கம்ப்யூட்டரில் அழித்தான். ஓரத்தில் விழுந்திருந்த தம்பியின் கையைக் கத்தரித்தான். சங்கத்துப் போட்டிக்கு அனுப்பினான். இரை வைத்து எடுத்த படம் ஏற்கப்படாது என்று படிவத்தில் தெளிவாக இருந்தது, அதன் கீழேதான் கையெழுத்துப் போட்டான். முதல் பரிசு. 'பசி' என்று சார்மாரே பெயர் வைத்தார்கள். மாட்டுங்கா ஹாலில் ஒரு படம் தொங்கியது, வீட்டுச் சுவரில் ஒன்று. சுரேந்திரன் பட்டறை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். "எங்கண்ணன் எடுத்தது" என்பான். நூலைப் பற்றி மூச்சுவிட மாட்டான். இப்போது அந்த ரகசியம் தெரிந்த ஆள் உலகத்தில் ஒருத்தன்தான்.

பதிமூன்றாம் நாள் காலையில் ஆறு மணிக்கெல்லாம் வெயிலுமுத்து ஒன்றோடொன்று ஒட்டிய ஒரு லாதி பாவ் வாங்கிக்கொண்டு மேலே போனான். பிய்த்துப் பிய்த்துச் சுவர் நெடுக வைத்தான். நூல் இல்லை என்று காட்டுவதுபோல ஒவ்வொரு துண்டையும் கையால் தூக்கித் தூக்கிக் காட்டி வைத்தான். யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள். எதிர் ஆன்டெனாவில் இருந்த காகம் ஒன்று அவனைப் பார்த்து இரண்டு தடவை கரைந்தது. மற்றதெல்லாம் எழும்பி மாஹிம் கழிமுகத்துப் பக்கம் போய்விட்டன.

"பெரியப்பா."

திரும்பினான். கலைச்செல்வி காலேஜ் பையோடு நின்றாள்.

"நீங்களும் ட்ரை பண்றீங்களா?"

"சும்மா வச்சுப் பாத்தேன் தாயி."

"பெரியப்பா, நீங்க பர்ட் எக்ஸ்பர்ட்தான? மாட்டுங்கா அங்கிள்ஸ் எல்லாம் உங்கள்ட்ட தான கேக்குறாங்க? ஒரு காக்காயை வர வைக்க முடியாதா? ஒரே ஒரு காக்கா. அம்மா நேத்து ராத்திரி தண்ணிகூட வாந்தி எடுத்துச்சு. எனக்கு அப்பா காக்காயா வர்றதெல்லாம் வேண்டாம். அம்மா சாப்பிடணும். பஸ், அது போதும்."

"கீழ சாக்கடைப் பக்கம் வச்சா வரும். அங்கன நெறைய நிக்கி," என்றான் வெயிலுமுத்து.

"அது நீங்க அன்னைக்கே சொன்னீங்க. ஆச்சி திட்டுனாங்க. 'கக்கூசுக்குப் பக்கத்துல வச்சா எம்மவனுக்குச் சோறு போடச் சொல்லுத'ன்னு." அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "அப்பா நின்ன எடத்துலதான் வைக்கணுமாம்."

அப்பா நின்ன எடம். அதனால்தான் வரவில்லை என்று அவனுக்குச் சொல்லத் தோன்றியது. நாக்கு நுனிவரை வந்து நின்றது. அவள் படியிறங்கிப் போய்விட்டாள். வைத்த பாவைப் புறாக்கள் தின்று தீர்த்தன.

அந்த வெட்கத்தோடேயே ஞாயிற்றுக்கிழமை சார்மாரோடு வாஷிக்குப் படமெடுக்கப் போனான். துஷ்டி வீட்டில் பதினாறு முடியாமல் என்ன வேலை என்று அம்மா முணுமுணுத்தாள். முன்கூட்டி ஒப்புக்கொண்டது, போகத்தான் வேண்டும் என்று சொன்னான். உண்மையில் அந்த வீட்டை விட்டு நாலு மணி நேரம் எங்கேயாவது போய்விட வேண்டும்போல இருந்தது.

வாஷி பாலத்துக்கு அப்பால், அலையாத்திச் செடிகளின் ஓரத்தில் சேறு நாறிக்கொண்டு கிடந்தது. பனியும் புகையும் கலந்து எதிர்க்கரைக் கட்டடங்கள் பாதிதான் தெரிந்தன. தூரத்தில் பூநாரைகள் வரிசையாகச் சேற்றில் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. வெங்கடேஸ்வரன் சார் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து ஃபிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றினார். பாங்கில் பெரிய வேலை பார்த்து ரிடையர் ஆனவர், சங்கத்துக்குச் செயலாளர்.

"டைட் எப்போ ஏறும், வெயிலுமுத்து?"

"இன்னும் முக்கால் மணி நேரம் ஆவும் சார். தண்ணி ஏற ஏற தன்னால கிட்ட வந்துரும்."

"தம்பி விஷயம் கேட்டு மனசே சரியில்லை. நாப்பத்து மூணெல்லாம் ஒரு வயசா?" காப்பியை நீட்டினார். "இந்தாங்கோ, குடியுங்கோ. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அடுத்த வருஷக் காலண்டருக்கு உங்க காக்காப் படத்தைத்தான் அட்டையில போடறதுன்னு கமிட்டியில முடிவாயிடுத்து. எல்லாரும் ஒரே குரல்ல சொன்னா, கேட்டேளா?"

வெயிலுமுத்து டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நானும் மூணு மாசமா எங்காத்து பால்கனியில காக்காயை எடுத்துப் பாக்கறேன். ஒண்ணும் சரியா வரல்லை. அந்தரத்துல அப்படி நிக்கறதே, அது எப்படி ஓய் பிடிச்சேள்?"

"நேரம் சார். அது வாய்ச்சுது."

"வாய்க்கறதுக்கும் ஒரு பொறுமை வேணுமே." அவர் மனதார மெச்சினார். அந்த மெச்சல் இவனுக்குக் காப்பியோடு சேர்ந்து கசந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, "சார், காக்கா ஆளு மொகத்த ஞாபகம் வச்சிருக்கும்னு சொல்லுதாங்களே, நெசந்தானா?" என்று கேட்டான்.

"பின்னே? வருஷக்கணக்கா வெச்சுக்கும். இன்னார் கெடுதல் பண்ணினான், இன்ன எடம் ஆபத்துன்னு மத்த காக்காய்க்கும் தெரிஞ்சுடும்னு படிச்சிருக்கேன். ஏன், உங்களை ஏதானும் கொத்தறதா?"

"இல்ல சார். சும்மா கேட்டேன்."

தண்ணீர் ஏறியது. பூநாரைகள் கூட்டமாக ஓடி, சேற்றை மிதித்து, காற்றுக்கு எதிராக எழும்பின. அடியிறக்கைகளில் ரோஸும் கருப்பும் விரிய ஐந்நூறு பறவைகள் தலைக்கு மேலே போயின. சார்மார் கேமராக்கள் பொரிந்து தள்ளின. வெயிலுமுத்து கேமராவைத் தூக்கினான், ஏதோ அமுக்கினான். வீட்டுக்கு வந்து பார்த்தபோது எல்லாம் வாலாகவும் காலாகவும் இருந்தன. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஒரு படம்கூடத் தேறவில்லை.

பதினாறாம் நாள் கருமாதி. ஐந்தாம் மாடி நடைபாதையில் ஸ்டவ் வைத்துச் சமையல் நடந்தது. வடாலாவிலிருந்தும் முலுண்டிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து படிக்கட்டு முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். சடங்கு முடிந்து பிரேமலதா இலையோடு மேலே போனாள். ஒரு படிக்கு ஒரு மூச்சாகப் போனாள். முப்பிடாதியம்மாள் இன்றைக்கு நானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்து, மாரீஸ்வரியின் தோளைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். மேலே வந்ததும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நா கூப்ட்டா வருவான். ஏல சுரேந்திரா, வால. அம்மை வந்திருக்கேன். ஒரு வாய் எடுத்துக்கல. அவ பாவம்ல, பச்சத்தண்ணி குடிக்காமக் கெடக்கா. என்ன கோவம் இருந்தாலும் இன்னையோட விட்டுருல."

காகங்கள் எதிர்க் கட்டடத்தில் உட்கார்ந்திருந்தன. ஒன்று எழும்பி, பாதி தூரம் வந்து, வெயிலுமுத்து நின்ற பக்கம் பார்த்து, கரைந்துகொண்டே திரும்பிப் போயிற்று.

கிழவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிரேமலதா அழவில்லை. இலையைப் பார்த்தபடி, "அவ்வளவுதான் அத்தே. அவுக வரமாட்டாவ," என்றாள். இனிமேல் சாயாவும் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்ட குரல். வெயிலுமுத்துவுக்குக் காலண்டர், சங்கம், சார்மார் எல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"அவன் கோவத்துல இல்ல பிரேமா," என்றான். "காக்கா வராததுக்கு நாந்தான் காரணம்."

மூன்று பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

சொன்னான். தரையைப் பார்த்துக்கொண்டே ஒன்று விடாமல் சொன்னான். பாவ், நூல், விரலில் சுற்றிக்கொண்டது, காகம் தலைகீழாகத் தொங்கியது, படிவத்தில் பொய்க் கையெழுத்துப் போட்டது. "இந்தச் செவருல எது வச்சாலும் அதுக தொடாது. எங்க ரெண்டு பேரையும் அதுகளுக்குத் தெரியும். இந்த எடத்தையும் தெரியும். நூலு இருக்கும்னு நெனைக்கி."

முதலில் பேசியது முப்பிடாதியம்மாள்தான். "அட மூதி," என்றாள். "அம்பது வயசு ஆவுது. காக்காயப் போய் ஏமாத்திருக்கிய." தோளில் கிடந்த துண்டை எடுத்து அவன் மேல் வீசினாள்.

பிரேமலதா அவன் எதிரே வந்து நின்றாள். "பதினாறு நாளு. தெரிஞ்சுக்கிட்டே இந்தத் தொட்டிக்குப் பின்னால நின்னு பாத்துக்கிட்டு இருந்தியளா அத்தான்? நா மயங்கி விழுந்தப்பம் நீங்கதான் தூக்குனிய. அப்பமாவது சொல்லத் தோணலியா?"

"தோணுச்சு. வெக்கமா இருந்துச்சு."

"உங்க வெக்கம் பெருசாப் போச்சு."

"ஆமா," என்றான்.

பிறகு, "நெசமாச் சொல்லுதியளா, இல்ல நா சாப்பிடணும்னு கதை கட்டுதியளா?" என்று கேட்டாள்.

அவன் கீழே ஓடினான். பழைய மெமரி கார்டைக் கேமராவில் போட்டுக்கொண்டு ஏறி வந்தான், இரைத்தது. கேமராவின் முதுகுத் திரையை அவள் பக்கம் திருப்பினான். அழிக்காத, கத்தரிக்காத படம். நடுவில் இறக்கை விரித்த காகம், அலகில் பாவ். பாவிலிருந்து ஒரு கருங்கோடு சரிவாக இறங்கி வருகிறது. இடது மூலையில், சுவருக்கு மேலே, ஒரு கை.

பிரேமலதா கேமராவை வாங்கினாள். "இத எப்படிப் பெருசாக்கணும்?" அவன் பட்டனைக் காட்டினான். அவள் காகத்தைத் தள்ளிவிட்டுக் கைக்குப் போனாள். மெஷின் ஊசி ஏறிக் கருத்துப்போன கட்டைவிரல் நகம். ஆள்காட்டி விரலில் இரண்டு சுற்று நூல். மணிக்கட்டில் திருச்செந்தூர்க் கயிறு, அவள் கட்டிவிட்டது.

"அவுகதான்," என்றாள்.

வெகுநேரம் பார்த்தாள். வெயிலில் திரை மங்கியது, முந்தானையால் நிழல் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

"அன்னைக்கு என்ன சொன்னாவ?"

"சிரிச்சுக்கிட்டே இருந்தான். 'பிரேமா கண்டா என்னையத் தொலைச்சுப்புடுவா'ன்னான்."

"தொலைச்சிருப்பேன்." சிரிப்பு மாதிரி ஏதோ வந்து பாதியில் நின்றது. "காக்கா வராததுக்கு நீங்க காரணம் அத்தான். சரி. அவுக வெறும் வயித்தோட போனதுக்கு நாந்தான். அது எந்தப் போட்டோவுலயும் மாறாது."

கீழே எங்கேயோ கட்டடம் இடிக்கிற சத்தம் கேட்டது. அவள் கேமராவை மாரீஸ்வரியிடம் கொடுத்துவிட்டு, சுவரில் இருந்த இலையை எடுத்தாள். தொட்டி நிழலில், மாமியார் பக்கத்தில், சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"என்னட்டி செய்யுத?" என்றாள் முப்பிடாதியம்மாள்.

"பசிக்கி அத்தே."

ஆறிப்போன சோற்றைப் பருப்போடு பிசைந்து ஒரு வாய் வைத்தாள். விக்கியது. மாரீஸ்வரி தண்ணீர் கொண்டுவர ஓடினாள். மறுகையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே அடுத்த வாய் வைத்தாள். கிழவி அவள் முதுகைத் தடவிக் கொடுத்தபடி, "மெல்ல, மெல்லத் தின்னு மக்கா," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வெயிலுமுத்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதான். மிச்சத்தைப் புறாக்கள் தின்றன. யாரும் விரட்டவில்லை.

மறுநாள் வெங்கடேஸ்வரன் சாருக்குப் போன் போட்டுச் சொன்னான். "இதை நீங்கோ சொல்லாமயே இருந்திருக்கலாம்," என்றார் அவர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்று சொல்லவில்லை. வரச் சொல்லவும் இல்லை. ஹாலில் படம் இருந்த ஆணி வெறுமையாக இருப்பதாக யாரோ சொன்னார்கள்.

பிரேமலதா ஒன்றுதான் கேட்டாள். "அந்தக் கைய மட்டும் பெருசா அடிச்சுக் குடுங்க அத்தான்." உட்கார்ந்து கத்தரித்தான். முன்பு காகத்துக்காகக் கையை வெட்டியவன், இப்போது கைக்காகக் காகத்தை வெட்டினான். மூலையில் கிடந்தது என்பதால் படம் கொஞ்சம் கலங்கல்தான். பாடத்தின்படி பார்த்தால் தேறாது. பரிசுப் படம் இருந்த கண்ணாடிச் சட்டத்தில் அதையே போட்டு, அவள் வீட்டு அடுப்படிக்கு மேலே மாட்டினான். அப்படியே குழாய்க்கு வாஷரும் மாற்றிக் கொடுத்தான்.

வருகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். மூன்றாவது மாடிக்காரி ஒருத்தி வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இதென்னக்கா, வெரல்ல நூல் சுத்தியிருக்கு? மேல எங்க போவுது அது?" என்றாள்.

"மேல காக்கா இருக்கு," என்றாள் பிரேமலதா. "சோத்தக் காட்டிக் காட்டி அத ஏமாத்திக்கிட்டு இருந்தாவ, அண்ணனும் தம்பியும்."

சொல்லிவிட்டு, கலைச்செல்வி காலேஜுக்குக் கிளம்ப நேரமாயிற்று என்று டப்பாவில் சோற்றை அள்ளி வைத்து மூடினாள்.